டர்பனில் உடற்கூறியல் படிக்க வருகிறவர்களுக்கு: ஆவணம் முதல் ஸ்பாட்டர் தேர்வு வரை

டிசெக்‌ஷன் ஹாலுக்குள், அதாவது மனித உடலை அறுத்துப் படிக்கும் கூடத்துக்குள், என் வகுப்பு முதன்முதலாக நுழைந்த அன்று நான் வராந்தாவில் நின்றேன். என் தடுப்பூசி அட்டையில் ஹெபடைடிஸ் பி இரண்டு ஊசிதான் பதிவாகியிருந்தது. மூன்றாவதையும் போட்டு, ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் உள்ளே போனபோது வகுப்பு கைப்பகுதியை முடித்து மார்புக்கூட்டைத் திறந்திருந்தது. முழங்கை மடிப்பில் எது எங்கே ஓடுகிறது என்பதை அடுத்தவர் அறுத்து முடித்த உடலில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நாகர்கோவிலில் பிளஸ் டூ முடித்துவிட்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தவள் நான். உடற்கூறியலில் பட்டம் பெற்று, இப்போது அதே மாதிரி ஹால் ஒன்றில் செய்முறை கற்றுத்தரும் டெமான்ஸ்ட்ரேட்டராக நிற்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாராவது ஒருவர் கையில் அட்டையோடு வராந்தாவில் நிற்கிறார். போன வருடம் நின்றது ஒரு தமிழ்ப் பையன். அவனுக்கு முன்கூட்டியே சொல்ல ஆளில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் பகுதி வீடுகளில் வளர்ந்து, குடும்பத்தில் முதல் ஆளாக இந்தப் படிப்புக்குப் போகிறவர்களுக்கும் மூன்றாம் படியிலிருந்து பெரும்பாலானவை பொருந்தும்.

1. எந்தப் படிப்பு என்று முதலில் தீர்மானியுங்கள்

மனித உடலை அறுத்துப் படிக்க மருத்துவப் படிப்பு ஒன்றுதான் வழி என்று நினைத்து இரண்டு வருடம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். இங்கே மருத்துவம் ஆறு வருடம். வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் மிகக் குறைவு. அந்தச் சில இடங்களிலும் பக்கத்து ஆப்பிரிக்க நாட்டவருக்கே முன்னுரிமை கிடைப்பது வழக்கம். உடற்கூறியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட மருத்துவ அறிவியல் பட்டம் மூன்று வருடம். அதிலும் ஹால் உண்டு, கத்தி உண்டு. எக்ஸ்ரே, சி.டி. படம் எடுக்கும் பக்கம் ஆர்வம் இருந்தால் ரேடியோகிராபி இருக்கிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் உண்டு. பிசியோதெரபி மாணவர்களும் உடற்கூறியலை ஆழமாகவே படிக்கிறார்கள்.

இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊர் திரும்பி டாக்டராகப் பணி செய்யும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டு மருத்துவப் படிப்பில் சேரும் முன்பே நீட் தகுதி பெற்றிருக்க வேண்டும். உடற்கூறியல் பட்டம் எங்கே வாங்கினாலும் அதை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. ஆசிரியர் வேலை, ஆய்வு, மேற்படிப்பு ஆகியவற்றுக்குத்தான் அது வாசல். வீட்டில் இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். என் வீட்டில் சொல்லாமல் விட்டதால் இரண்டாம் வருடம் வரை உறவுக்காரர்கள் என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அம்மாவுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

2. ஆவணங்கள்: ஒரு முழு வருடம் முன்பே

இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. ஊரில் மார்ச், ஏப்ரலில் பரீட்சை எழுதியவர்கள் நேராக அடுத்த பிப்ரவரியைக் குறிவையுங்கள். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு விண்ணப்பக் கதவு முந்தைய வருடம் ஜூன் இறுதியிலேயே மூடிவிடுவது வழக்கம். க்வாஸுலு-நடால் பல்கலைக்கழகத்துக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக, அதாவது சி.ஏ.ஓ. வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் போன்றவற்றுக்கு நேரடியாக. தேசிய அளவீட்டுத் தேர்வான என்.பி.டி.யைக் கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதற்கும் தேதி பார்த்துப் பதிய வேண்டும்.

வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதிகம் இடறுவது விலக்குச் சான்றிதழில். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை மட்டும் கொடுத்தால் போதாது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான யூசாஃப் நடத்தும் மெட்ரிகுலேஷன் வாரியம், உங்கள் படிப்பு இங்கே பட்டப்படிப்பில் சேரத் தகுந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். டிகிரி முடித்து மேற்படிப்புக்கு வருகிறவர்கள் போக வேண்டிய இடம் வேறு. அவர்கள் சாக்வா என்னும் தகுதி ஆணையத்திடம் மதிப்பீடு வாங்க வேண்டும். நான் இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் பணம் கட்டினேன். அது திரும்பி வரவில்லை. ஐந்து வாரமும் போனது.

படிப்பு விசாவுக்குப் பெரும்பாலும் கேட்பவை: சேர்க்கைக் கடிதம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, இங்கே பதிவான மருத்துவக் காப்பீடு, காவல்துறைச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை. நான் வந்தபோது மார்பு எக்ஸ்ரேயோடு கூடிய கதிரியக்க அறிக்கையும் கேட்டார்கள். பதினெட்டு வயதுக்குப் பிறகு, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தில், ஒரு வருடமோ அதற்கு மேலோ நீங்கள் தங்கியிருந்த ஒவ்வொரு நாட்டிலும் காவல்துறைச் சான்றிதழ் வாங்க வேண்டும். துபாயில் அண்ணன் வீட்டில் ஒரு வருடம் இருந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். சான்றிதழுக்கும் அறிக்கைக்கும் ஆறு மாத ஆயுள்தான். ரொம்ப முன்னால் எடுத்தால் காலாவதி ஆகிவிடும். விண்ணப்பம் போட்ட பிறகு குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

அப்பாவின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தால் படித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். படிக்கத் தனி அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்கும் விசாவில் வந்து இங்கிருந்தபடியே அதைப் படிப்பு விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டுகளிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

உங்கள் மார்பு எக்ஸ்ரே படம் ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். எட்டாம் படியில் அது வேண்டும்.

3. ஊசிக் கணக்கு

ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி ஐ.யூ. (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். விண்ணப்பம் போடும் அதே ஜூனில் முதல் ஊசி போட்டால் ஜூலை, டிசம்பர், பிறகு ஜனவரி கடைசியில் ரத்தப் பரிசோதனை என்று சரியாகப் பொருந்தும். ஆகஸ்டில் தொடங்கினால் வராந்தாதான். குழந்தையாக இருக்கும்போதே போட்டிருந்தால் பழைய அட்டையைத் தேடி எடுங்கள். அட்டை கிடைத்தாலும் ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

விமானம் அடிஸ் அபாபா, நைரோபி போன்ற மஞ்சள் காய்ச்சல் பகுதி வழியாக வந்து அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், அந்தத் தடுப்பூசிச் சான்றிதழையும் இங்கே இறங்கியதும் கேட்பார்கள். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று நீண்ட இடைநிறுத்தம் போடும் முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

4. பணம்

வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் உள்ளூர் மாணவரைவிட அதிகம். அதில் பெரும்பகுதியைப் பதிவின்போதே கட்டச் சொல்வார்கள். மருத்துவக் காப்பீட்டையும் வருடம் முழுவதற்கும் சேர்த்து முன்பணமாகக் கேட்பார்கள். நான் சேர்ந்த வருடம் அது மாதம் ஐந்நூறு ரேண்டுக்கு மேல் வந்தது. பன்னிரண்டால் பெருக்கி ஒரே நாளில் கட்டியபோது கையில் இருந்தது கரைந்துவிட்டது. படிப்பு விசாவில் பகுதிநேர வேலை வாரத்துக்கு 20 மணி நேரம் வரை செய்யலாம். ஆனால் முதல் வருடத்தில் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஹால் நேரம் பிற்பகல்களை விழுங்கிவிடும்.

மருத்துவ மாணவர்கள் சுகாதாரத் தொழிலர் குழுவான எச்.பி.சி.எஸ்.ஏ.யில் மாணவராகப் பதிய வேண்டும். படிவத்தைக் கல்லூரி தரும், கட்டணம் தனி. க்வாஸுலு-நடால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் இளநிலை மாணவர்கள் ஒரு இசிஸூலு (ஸூலு மொழி) பாடத்திலும் தேற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாதீர்கள். பின்னால் நோயாளிகளிடம் பேசப்போகிறவர்களுக்கு அது வரமாகவே அமையும்.

5. பெட்டியில் எலும்பு வேண்டாம்

தமிழ்நாட்டில் சீனியர்களிடமிருந்து நிஜ எலும்புத் தொகுப்பு வாங்கிப் படிக்கும் பழக்கம் இருக்கிறது. அண்ணனோ அக்காவோ மருத்துவம் படித்த வீடு என்றால் பரணில் ஒரு பெட்டி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். இந்தியா 1985இலேயே மனித எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. தென்னாப்பிரிக்காவுக்குள் மனிதத் திசுவைக் கொண்டுவர அரசின் அனுமதிச்சீட்டு வேண்டும். மாணவர் தன் பையில் கொண்டுவருவதற்கு அது கிடைக்காது. இங்கே துறையிலேயே எலும்புகளைப் பார்க்கவும் தொடவும் நேரம் தருகிறார்கள். வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் மண்டையோடும் மணிக்கட்டு எலும்புகளும் இருந்தால் போதும்.

6. கருவிப் பை

கத்திப் பிடியிலும் பிளேடிலும் எண் இருக்கும். பிடி எண் 3இல் 10, 11, 12, 15 பிளேடுகள் பொருந்தும். பிடி எண் 4இல் 20 முதல் 24 வரை. நான் எண் 3 பிடியும் 22 பிளேடு நூறு கொண்ட பெட்டியும் வாங்கிவிட்டேன். ஒன்றோடொன்று சேரவே இல்லை. உங்களுக்குத் தேவை இரண்டு பிடிகள்: தோலுக்கு எண் 4இல் 22, நுண்ணிய வேலைக்கு எண் 3இல் 15. பல் உள்ள ஃபோர்செப்ஸ் (இடுக்கி) தோலைப் பிடிக்க. பல் இல்லாதது நரம்பையும் ரத்தக்குழாயையும் பிடிக்க. முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று, ஒரு துழாவுகோல், ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். பிளேடை மாட்டுவதும் கழற்றுவதும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால்தான், விரலால் ஒருபோதும் வேண்டாம். ஹாலில் நான் பார்த்த காயங்களில் பாதிக்கு மேல் பிளேடு கழற்றும்போது பட்டவை. கழற்றியது கூரிய கழிவுகளுக்கான மஞ்சள் பெட்டிக்குள் போக வேண்டும், குப்பைத்தொட்டிக்குள் இல்லை.

நான் செலவழித்தது தோராயமாக: வெள்ளைக் கோட்டு இரண்டு, 600 ரேண்ட், கருவிகள் 450, நைட்ரில் கையுறை நூறு கொண்ட பெட்டி 160, வருடத்துக்கு நான்கு பெட்டி, மூடிய கண்ணாடி 90. பாடநூல்தான் பெரிய செலவு. நவம்பர் கடைசியில் சீனியர்கள் வீடு காலி செய்யும்போது பாதி விலைக்குக் கிடைக்கும். பிப்ரவரியில் தேடினால் கிடைக்காது. அட்லஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். அதில் நீங்கள் எழுதுவீர்கள், கோடு போடுவீர்கள், ஹாலுக்குக் கொண்டுபோனால் பக்கங்கள் நாறும்.

கையுறை லேடெக்ஸ் வேண்டாம். உடலைப் பதப்படுத்தும் பார்மலினுக்கு நைட்ரில்தான் நல்லது.

7. ஹாலில்

உள்ளே போனதும் கண்ணும் மூக்கும் எரியும். பார்மலினிலிருந்து வரும் பார்மால்டிஹைடு வாயு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. பலர் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது தூசைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் காற்றோட்டம். மின்வெட்டு வந்து மேலே விசிறிகள் நின்றால், ஜெனரேட்டர் பிடிக்கும்வரை வெளியே வந்துவிடுங்கள். இன்னும் ஒரு நரம்புதான் என்று குனிந்தபடி நிற்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போட வேண்டாம். ஆஸ்துமா இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ முதல் வாரமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சாப்பிடாமல் வராதீர்கள், மயங்கி விழுகிறவர்களில் பலர் காலையில் வெறும் தேநீரோடு வந்தவர்கள்.

போனை லாக்கரில் வையுங்கள். ஹாலுக்குள் ஒரு படம், கையுறை போட்ட உங்கள் கையை மட்டும் எடுத்தால்கூட, படிப்பு போய்விடும். இதில் மன்னிப்புக் கிடையாது, கிடைக்கவும் கூடாது.

மேசையில் இருப்பவர் யார் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். சிலர் உயிரோடு இருந்தபோதே எழுதிக் கொடுத்தவர்கள். சிலர் தேடி யாரும் வராமல் பிணவறையிலிருந்து சட்டப்படி வந்தவர்கள். அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்த நாட்டில் அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினத்தவர்கள். இதை அறிந்து கத்தியைத் தொடுகிறவர் வேறு மாதிரி தொடுவார் என்று நான் நம்புகிறேன். வேலை செய்யாத பகுதியைத் துணியால் மூடி வையுங்கள். பகுதி முடிந்ததும் ஈரத்துணி போர்த்துங்கள். காய்ந்துபோன நரம்பு உடைந்துவிடும், மீண்டும் கிடைக்காது.

இனி அறுப்பது. பலாப்பழம் அரிந்திருக்கிறீர்களா? மேல்தோலுக்குத்தான் கத்தி, சுளைக்கு விரல். இங்கேயும் அப்படித்தான். தோலை மேலோட்டமாகக் கீறி, மஞ்சள் கொழுப்பு எட்டிப்பார்த்ததும் கத்தியை நிறுத்துங்கள். அதன் பிறகு கத்தரிக்கோலை மூடியபடி திசுவுக்குள் நுழைத்து மெல்ல விரியுங்கள். திசு தானே பிரியும், நரம்பும் குழாயும் அறுபடாமல் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் கத்தியை விடாமல் பிடித்துக்கொண்டு, தோலடி நரம்புகள் அத்தனையையும் கொழுப்போடு சீவி எறிந்துவிடுகிறார்கள்.

அட்லஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் எல்லாமே பழுப்பு. கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள்: தமனி தடித்த சுவரோடு உள்ளே வெற்றாக ரப்பர் குழாய் மாதிரி இருக்கும், சிரை மெலிந்து சப்பையாகக் கிடக்கும், சில இடத்தில் உறைந்த ரத்தம் கருப்பாக நிற்கும், நரம்பு உள்ளே திடமாக, முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். வரிசைக்கு நான் வைத்துக்கொண்ட சொல் ஒன்று. இடுப்பு மடிப்புக்குக் கீழே தொடையில், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி நரம்பு, தமனி, சிரை: ந-த-சி. விலா எலும்புக்குக் கீழே மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு: சி-த-ந. ஒன்றைத் திருப்பினால் மற்றது.

லத்தீன் பெயர்களுக்குப் பயந்துவிடாதீர்கள். லாங்கஸ் என்றால் நெட்டை, பிரேவிஸ் என்றால் குட்டை, மேக்னஸ் என்றால் பெரிசு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், தமிழில் பொருள், தொட்டபோது எப்படி இருந்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தாலும் எனக்கு நினைவில் தங்கியது அந்த நடுக்கட்டம்தான்.

புத்தகத்தில் இருப்பது உடலில் இல்லை என்றால் தேடித் தேடிக் களைக்காதீர்கள். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு தசைநாண் புடைத்தால் உங்களுக்குப் பால்மாரிஸ் லாங்கஸ் இருக்கிறது. சிலருக்கு அது ஒரு கையில் மட்டும் இருக்கும், சிலருக்கு இரண்டிலும் இருக்காது. சிறுநீரகத்துக்குக் கூடுதலாக ஒரு தமனி போவதும் அரிதில்லை.

8. படம் படிப்பது

உங்கள் மார்பு எக்ஸ்ரே படம் இருந்தால் கையில் எடுங்கள். வெளிச்சமுள்ள ஜன்னலில் ஒட்டுங்கள். எதிரே ஒருவர் உங்களைப் பார்த்து நிற்பதாக நினைத்தால் இதயம் ஏன் உங்கள் வலப்பக்கமாகத் தெரிகிறது என்று புரியும். உதரவிதானத்தின் வலது மேடு சற்று உயரம், அடியில் கல்லீரல். இடது மேட்டுக்குக் கீழே கருப்பாக ஒரு குமிழ், உங்கள் இரைப்பையில் அன்று இருந்த காற்று. காற்று, கொழுப்பு, மென்திசு, எலும்பு, உலோகம் என ஐந்து அடர்த்திகள்தான் எக்ஸ்ரேயில் தெரியும். ஐந்தையும் அந்த ஒரு படத்திலேயே பழகுங்கள். உங்கள் படம் என்பதால் யாருடைய அந்தரங்கத்தையும் மீறவில்லை. மருத்துவமனையில் தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நோயாளிப் படங்களைப் பெறாதீர்கள், பகிராதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா அதற்கும் பொருந்தும்.

சி.டி. படத்தில் ஒவ்வொரு படலத்தையும் (உடலின் குறுக்குவெட்டுப் படம்) நோயாளியின் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்க்கிறோம். அதனால் அவருடைய கல்லீரல் உங்கள் இடப்பக்கம் வரும். இதைத் திருப்பிப் படித்துத்தான் முதல் பரீட்சையில் எனக்கு மதிப்பெண் போயிற்று. சாம்பல் நிறத்துக்கு எண் உண்டு: தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு −100 பக்கம், தசை 50 பக்கம், எலும்பு பல நூறுக்கு மேல். ஹவுன்ஸ்பீல்டு அலகு என்று பெயர், சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டின் நினைவாக. அவரோடு 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் கோர்மாக் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். கேப் டவுனில் வேலை பார்த்தபோதுதான் இந்தக் கணக்கில் கைவைத்தார். இங்கே படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

அத்தனை சாம்பலையும் கண்ணால் பிரிக்க முடியாது என்பதால் ஜன்னல் வைத்து, அதாவது எண்களில் ஒரு பகுதியை மட்டும் சாம்பலாகக் காட்டச் சொல்லி, பார்க்கிறோம். வயிற்றுக்கு மையம் 40, அகலம் 400. நுரையீரலுக்கு மையம் −600, அகலம் 1500. ஒரே படலத்தை இரண்டு ஜன்னலிலும் திறந்து பாருங்கள். ஒன்றில் வெறும் கருப்பாகக் கிடந்த இடத்தில் மற்றதில் கிளைகிளையாக ரத்தக்குழாய்கள் எழும். எம்.ஆர்.ஐ.க்கு ஒரே விதியோடு தொடங்குங்கள்: டி1 என்ற வகைப் படத்தில் தண்ணீர் கருப்பு, டி2 என்ற வகைப் படத்தில் தண்ணீர் வெள்ளை. மூளையைச் சுற்றியுள்ள நீரைப் பார்த்தாலே எந்தப் படம் என்று சொல்லிவிடலாம்.

வெண்டைக்காயை நேராக அரிந்தால் வட்டம், சாய்த்து அரிந்தால் நீள்வட்டம். ரத்தக்குழாயும் அப்படித்தான். படலத்தில் ஒரு உருண்டை தெரிந்தால் அது குழாயா, நிணநீர்க் கணுவா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்லாதீர்கள். மேலும் கீழும் உருட்டுங்கள். தொடர்ந்து வந்தால் குழாய். இரண்டு மூன்று படலத்தில் மறைந்துவிட்டால் கணு.

மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டாம். 3டி ஸ்லைசர் இலவசம். மேக் கணினிக்கு ஹோரோஸ் இருக்கிறது. பெயர் நீக்கிய நிஜ சி.டி. தொகுப்புகள் கேன்சர் இமேஜிங் ஆர்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் தொகுப்பில், ஒரு ஆணின் முழு உடலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டி எடுத்த வண்ணப் படங்களாக இருக்கிறது, சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் கூடவே. ஒரு சி.டி. படலம் சுமார் அரை எம்.பி.; ஐந்நூறு படலம் என்றால் கால் ஜி.பி. வளாக வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள், வீட்டு டேட்டாவில் வேண்டாம். மின்வெட்டு அட்டவணை இருக்கும் மாதங்களில் மடிக்கணினியை முந்தின இரவே சார்ஜ் செய்து வையுங்கள்.

9. அறுத்த பகுதியை அதே வாரம் படத்தில் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான மாணவர்கள் முதல் பருவத்தில் ஹால், பரீட்சைக்கு முந்தின வாரம் படங்கள் என்று பிரித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்; படங்கள் வெறும் சாம்பல் கறையாகவே இருந்தன.

வயிற்றுப் பகுதி நடந்தபோது இடது சிறுநீரகச் சிரையை இரண்டு பிற்பகலாகத் தேடினோம், கிடைக்கவில்லை. அன்று இரவு ஒரு சி.டி.யைத் திறந்து, முதல் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் மெல்ல உருட்டினேன். பெருந்தமனி வட்டமாக, அதற்கு முன்னால் கொழுப்புக்கு நடுவே மேல் குடல்தாங்கித் தமனி ஒரு புள்ளியாக. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக, இடது சிறுநீரகத்திலிருந்து ஒரு பட்டை வலப்பக்கம் கடந்து போயிற்று. அதுதான் நாங்கள் தேடிய சிரை. மறுநாள் அந்த இடுக்கில் விரலை விட்டேன். சப்பையாக, ஈரமான ரிப்பன் போல அது விரலில் தட்டியது. அந்தப் பகுதியில் எந்தக் கேள்வி வந்தாலும் இன்றைக்கும் விரல்தான் முதலில் பதில் சொல்கிறது.

நான் இப்போது மாணவர்களுக்குச் சொல்லும் முறை: ஹாலுக்குப் போகும் முந்தின இரவு அந்தப் பகுதியின் சி.டி.யை இருபது நிமிடம் உருட்டுங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஹாலில் தொடுங்கள். அன்று மாலையே மீண்டும் அதே சி.டி.யைத் திறந்து, தொட்ட ஒவ்வொன்றையும் படத்தில் கண்டுபிடியுங்கள். கடைசியாக உங்கள் உடம்பில் அது தோலுக்குக் கீழே எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். மொத்தம் ஒரு மணி நேரம். மூன்று வாரம் செய்தால் படம் தானாகவே ஆழம் பெறும்.

10. டி.பி.யும் ஸ்பாட்டரும்

பரீட்சை எழுதவே தகுதி வேண்டும். அதை இங்கே டி.பி., அதாவது ‘ட்யூலி பெர்ஃபார்ம்ட்’ என்பார்கள். செய்முறை வருகையும் பருவ மதிப்பெண்ணும் சேர்ந்து தீர்மானிக்கும். விசா வேலைக்கோ ஊர்த் திருமணத்துக்கோ போய் இரண்டு வாரம் ஹாலைத் தவறவிட்டால் டி.பி. போகும், வருடமும் போகும். போவதற்கு முன்பே எழுத்தில் விடுப்புக் கேளுங்கள், வாய்ச்சொல் செல்லாது. காய்ச்சல் என்றால் அன்றே டாக்டர் சான்றிதழ் வாங்குங்கள்.

கொடி காட்டும் உறுப்பை அடையாளம் சொல்லும் தேர்வுதான் ஸ்பாட்டர். மேசை மேசையாகக் கொடி குத்தியிருக்கும், மணி அடித்ததும் அடுத்த மேசை. முதலில் உடல் மல்லாந்து கிடக்கிறதா, குப்புறவா என்று பாருங்கள், அப்புறம் வலமா இடமா, அப்புறம்தான் கொடி. வலம் இடம் எழுதாமல் விட்டு மதிப்பெண் இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். நரம்பில் கொடி இருந்தால் கேள்வி பெரும்பாலும் அது அறுபட்டால் என்ன செயலிழக்கும் என்று போகும்.

11. வீட்டில்

நான் சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா வீட்டு மாடியில் தங்கியிருந்தேன். இங்கே பாட்டியை ஆயா என்கிறார்கள். முதல் நாள் ஹாலிலிருந்து வந்தபோது வெளிக்குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து வைத்திருந்தார். குளிக்காமல் உள்ளே வராதே என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சுகாதாரத்துக்கும் நல்ல வழக்கம்தான்: கோட்டைத் தனிப் பையில் கட்டி, மற்றத் துணியோடு சேர்க்காமல் துவைத்து, தலைக்குக் குளித்து உள்ளே போவது. எண்ணெய் தேய்த்த தலையில் பார்மலின் வாடை விடாமல் ஒட்டுகிறது. ஹால் நாளன்று எண்ணெய் வேண்டாம். மினிபஸ் டாக்சியில் ஏறும் முன் கோட்டைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் மூக்கு உண்டு.

புரட்டாசியில் இங்குள்ள தமிழ் வீடுகள் அநேகமாக முழுமாதமும் விரதம் இருக்கும். அந்தச் சமயம்தான் கடைசிச் செய்முறைகள் குவியும். பிணத்தைத் தொட்டுவிட்டு விளக்கேற்றலாமா என்று வீட்டில் கேள்வி வரும். உங்கள் வீட்டோடு முன்கூட்டியே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். பரீட்சை வாரத்தில் அந்தச் சண்டை வேண்டாம். எங்கள் வீட்டில் ஆயாவே முடிவு சொன்னார். ஒருநாள் சாப்பிடும்போது, அந்த மனுஷருக்குப் பேர் என்ன என்று கேட்டார். பேர் சொல்லமாட்டார்கள், எண்தான் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கும்போது அவருக்கும் சேர்த்து ஒரு திரி போட ஆரம்பித்தார்.

12. வருடக் கடைசியில்

பல துறைகள் நவம்பருக்குள் ஒரு நன்றி நிகழ்ச்சி நடத்துகின்றன. சில இடங்களில் உடல் கொடுத்தவரின் குடும்பத்தாரும் வருவார்கள். அதற்கு அவசியம் போங்கள். யாராவது ஒருவர் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டால், எதைக் கற்றோம் என்று விளக்க வேண்டாம். நன்றி என்று சொல்லுங்கள்.

உங்கள் உடலையும் கொடுக்க நினைத்தால் 2003ஆம் வருடத் தேசிய சுகாதாரச் சட்டப்படி உயிலில் எழுதலாம். தகுதியுள்ள இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட ஆவணமாகவும் கொடுக்கலாம். துறையிலேயே படிவம் இருக்கும். வீட்டாருக்குத் தெரியாமல் நிரப்பாதீர்கள். கடைசியில் தொலைபேசி எடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். எனக்கு வலது சாட்சியாக அப்பா கையெழுத்துப் போட்டார். இடது பக்கம் ஆயா போட்டார், தமிழில்.